ஏற்றுக்கொள்ளப்படாத தூதுவர்

எங்கள் கம்பெனிக்குத் தலைவராக அவரைக் கொண்டுவந்தவர்கள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். மூன்று நாடுகளில் இலங்கையின் தூதுவராக இருந்தவர். ஓய்வு பெற்றுக் கண்டிக்குத் திரும்பியிருக்கிறார். நல்ல உயரம், நரைத்த தலை, கசங்காத சேலை. தேயிலை வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னால் உட்கார்ந்து சிரிப்பார், நீட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார் என்று நினைத்தார்கள். யானையை வாங்கிவிட்டு, அது பெரஹரா ஊர்வலத்தில் மட்டும்தான் நடக்கும் என்று நம்பியவர்களின் கதைதான்.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கோபிப்பார். எழுதியதற்காக அல்ல, முறைப்படி அனுமதி கேட்கவில்லை என்பதற்காக. அலுவலகத்தில் எல்லோரும் "மேடம்" என்போம். முதுகுக்குப் பின்னால் "முறை மேடம்" என்போம். எதற்கெடுத்தாலும் "முறை முறைதான்" என்று முடிப்பது அவர் வழக்கம்.

நான் அந்தத் தலைமை அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவரின் மகள். தோட்டத்து ஆட்கள் சொல்வதைக் கம்பெனி நிர்வாகத்தை நடத்தும் எம்.டி.க்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், எம்.டி. சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். யாருக்கும் கோபம் வராதபடி சொல்லை அங்கங்கே தேய்த்துக் கொடுப்பேன். "நீங்கள் பொய்யர்" என்று ஒருவர் சொன்னால், "இவர்களுக்குச் சிறு சந்தேகம் இருக்கிறது" என்று அடுத்த பக்கம் போய்ச் சேரும். அந்தக் கெட்டித்தனத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மேடம் வந்த முதல் வாரம் ஒரு தோட்டத்திலிருந்து நாலு பேர் மனுவோடு வந்தார்கள். வழக்கம்போல வெராண்டாவில் நின்றார்கள். உள்ளேயிருந்து எம்.டி. ஜன்னல் வழியாகப் பேசினார். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மேடம் மாடிப்படியில் இறங்கி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அவையள் ஏன் வெளியில நிக்கினம்?" என்று என்னிடம் கேட்டார்.

"இங்க அப்படித்தான் மேடம். தோட்டத்து ஆளுக வெராண்டாவிலதான் நிப்பாங்க."

"ஆர் சொன்னது?"

யார் சொன்னதென்று யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ சொல்லியிருப்பான். அவன் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, நாங்கள் இன்னும் ஜன்னலைத் திறந்து திறந்து மூடுகிறோம்.

"ரெண்டு தரப்பு கதைக்கிறதெண்டால் ரெண்டு தரப்பும் இருந்து கதைக்க வேணும். இல்லாட்டி ரெண்டு தரப்பும் நிண்டு கதைக்க வேணும். எது வசதி எண்டு அவரிட்டக் கேளுங்கோ."

எம்.டி. உட்காருவதையே தேர்ந்தெடுத்தார். நாலு பேரும் சபை அறைக்குள் வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்கள். மேடம் அறையைச் சுற்றிப் பார்த்து, எம்.டி.யின் கதிரை மற்றதைவிட உயரம் என்று கண்டுபிடித்து, அதையும் மாற்றச் சொன்னார். எம்.டி.யின் காது சிவந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி மனுவைப் புரட்டினேன்.

எல்லாவற்றிலும் இப்படித்தான். வந்த கடிதத்துக்கு மூன்று நாளில் பதில் போக வேண்டும். கண்டி வாவி தன்னுடைய பரம்பரைச் சொத்து என்று மாதாமாதம் எழுதும் ஒருவர் இருந்தார். அவருக்கும் பதில் போனது: தங்கள் கடிதம் கிடைத்தது, வாவி எங்கள் கம்பெனியின் பொறுப்பில் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அதை நான்தான் தமிழில் தட்டினேன். சிரித்தால் முறைப்பார். தேநீர் கொண்டுவருபவர் விருந்தாளியை விட்டு அவருக்கு முதலில் கொடுத்தால் கோப்பையைத் தொட மாட்டார். சில நாள் எங்களுக்குத் தலைவலியே அவர்தான். இதை மறைத்து அவரைச் சாமியாக்க எனக்கு விருப்பமில்லை. பிழை என்றால் மன்னிப்புக் கேட்கவும் அவருக்கு வராது. அடுத்த நாள் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார், அவ்வளவுதான்.

ஒருமுறை தெல்தெனியவில் கார் டயர் காற்றுப் போய் நின்றபோது, ஒரு வெளிநாட்டு விருந்தைப் பற்றிச் சொன்னார். பெரிய நாடொன்று வைத்த விருந்து. தூதுவருக்குரிய இடத்தில் யாரோ ஒரு பணக்கார வியாபாரியை இருத்திவிட்டு, இவரைக் கடைசி மேசைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவர் போகவில்லை. அந்த வியாபாரியின் கதிரைக்குப் பின்னால் போய்ப் பேசாமல் நின்றிருக்கிறார். விருந்து தொடங்க முடியவில்லை. அத்தனை பேருக்கும் சூப் ஆறிப்போனதாம்.

"கடைசியில எழும்பினவரோ?" என்று நான் அவர் பேச்சிலேயே கேட்டேன்.

"எழும்பாமல்? என்ர நாடு சின்னன். கதிரை சின்னனில்லை."

இப்படிப்பட்டவர் ஒரு கம்பெனிக்குத் தலைவரானால் சும்மா இருப்பாரா? முதல் மாத முடிவில் ஒரு யோசனையோடு வந்தார். ஒரு தூதுவர் புது நாட்டுக்குப் போனால், தன் நாட்டுத் தலைவர் தந்த நற்சான்றுப் பத்திரத்தை அந்த நாட்டுத் தலைவரின் கையில் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிக்கொண்டால்தான் தூதுவர் தூதுவர். அது வரைக்கும் வெறும் விருந்தாளி. தானும் தோட்டம் தோட்டமாகப் போய் அப்படித்தான் செய்யப் போவதாகச் சொன்னார். எம்.டி. பகிடி என்று நினைத்துச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

கடிதத்தை நான்தான் தமிழாக்கினேன். நான் இன்னார், இந்தக் கம்பெனியின் தலைவராக நியமிக்கப்பட்டிருக்கிறேன், இந்தத் தோட்டத்து மக்களோடு நேர்மையாகப் பேசி நடப்பேன், என்னை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறேன். இவ்வளவுதான். ஒவ்வொரு தோட்டத்திலும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், வாங்குப் பலகைகள் போட்டு மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் நின்றார். கொடுக்க வருகிறவர் நிற்பதும் வாங்குகிறவர் உட்கார்ந்திருப்பதும்தான் ஒழுங்காம். தோட்டங்களை நிர்வகிக்கும் பெரிய துரைமாருக்கு வயிறு எரிந்தது. காலங்காலமாகக் காலைப் பெரட்டில் அவர்கள் முன்னால் நின்றுதான் சனம் வேலைக்குப் போகும். இங்கே கம்பெனித் தலைவரே சனத்துக்கு முன்னால் நிற்கிறார்.

சனத்துக்கும் முதலில் வேடிக்கைதான். ஆனால் தோட்டத்து மக்களின் தலைவர்கள் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்து இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கினார்கள். பன்வில பக்கத்தில் ஒருவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் அம்மா வேலை செய்த தோட்டம் அதுதான்.

ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில்தான் காரியம் சிக்கிக்கொண்டது. அங்கே மக்களுக்குத் தலைவராக இருந்தவர் ஒரு பெண். பாக்கியம் என்று பெயர், கொழுந்தெடுப்பவர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கடிதத்தை வாங்கி முழுதாகப் படித்தார். பிறகு மடித்துத் திருப்பி நீட்டினார்.

"கடுதாசி நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நாங்க வாங்க மாட்டோம்."

"ஏன் எண்டு சொல்லுவீங்களோ?" மேடத்தின் குரல் மாறவில்லை.

"சொல்றேங்க. முந்தி வந்த ஒருத்தரு ரோட்டுப் போட்டுத் தாரேன்னாரு, மால போட்டோம். அடுத்து வந்தவரு தண்ணிக் கொழா தாரேன்னாரு, அவருக்கும் மால போட்டோம். மாலதான் போச்சு. நீங்க யாழ்ப்பாணத்து ஆளுன்னு பேச்சுலயே தெரியுது. அங்க எங்கள எளக்காரமா தோட்டக்காட்டான்னுதானே சொல்லுவாங்க? நீங்க நல்லவங்களாவும் இருக்கலாம். பாக்குறோம். பாத்துட்டுச் சொல்றோம்."

தூறல் விழத் தொடங்கியது. தோட்டத்துத் துரை குடையோடு ஓடிவந்தார். மேடம் வேண்டாம் என்று கை காட்டினார். கடிதத்தை உறைக்குள் வைத்து, பாக்கியத்தைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார்.

"சரி. முறை முறைதான்."

கூட வந்திருந்த எம்.டி. என் பக்கம் சாய்ந்து, அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டார். "சந்தோஷப்படுகிறார்கள், யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறார்கள்" என்றேன். அவர் தலையாட்டினார். எல்லாம் வழக்கம்போல.

திரும்பும் வழியில் மேடம் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். மெதமகாநுவர வரும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்:

"அவ 'வாங்க மாட்டோம்' எண்டு சொன்னவ. நீங்கள் அதைத் துடைச்சு, மினுக்கி, வேற என்னவோ ஒண்டைக் குடுத்தனீங்கள். அது அவவின்ர சொல். உங்கட சொத்தில்லை."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. வாழ்நாள் முழுக்கத் தூதுவர் மாளிகையில் இருந்தவருக்கு எம்.டி.யின் முகத்தில் தினம் விழிப்பவளின் பாடு என்ன தெரியும்? "நான் இந்த ஆபிசுல வேல செய்யணும் மேடம்" என்றேன்.

"ஓம். நானும்தான்."

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் எல்லோரையும் கிறுக்காக்கியது. ஏற்றுக்கொள்ளாத நாட்டுக்குள் தூதுவர் நினைத்தபடி நுழைய முடியாது என்று, ஹுன்னஸ்கிரிய தோட்டத்து வாசலில் காரை நிறுத்தி இறங்கி, பாக்கியத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்பார். பதில் வந்தால் உள்ளே, வராவிட்டால் வந்த வழி. இரண்டு தடவை அப்படியே கண்டிக்குத் திரும்பினோம். மூன்றாம் தடவை, தண்ணித் தொட்டி வரைக்கும் வரலாம் என்று பதில் வந்தது. தொட்டி வரைக்கும்தான் போனார். உடைந்த குழாயைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை. குழாய் அந்த மாதமே சரியானது. அலுவலகத்தில், "மேடத்துக்கு இன்னும் விசா கெடைக்கல" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வருடம் போல் கழிந்திருக்கும். அந்தத் தோட்டத்தின் கீழ் டிவிசனை ஹோட்டல்காரர்கள் சிலர் கேட்டு வந்தார்கள். மலையைப் பார்க்க நல்ல இடம், பக்கத்தில் அருவி. ஒரே ஒரு தடை, அங்கே லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியிருந்த மக்கள். அவர்களை மேல்பக்கச் சரிவில் குடியேற்றுவதாகத் திட்டம் போட்டார்கள். அந்தச் சரிவுக்கு மழைக்காலம் தவறாமல் மண்சரிவு எச்சரிக்கை வரும். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். லயத்துக்குப் பின்னால் அவர்கள் கையால் திருத்திய மரக்கறித் தோட்டங்களும் போய்விடும்.

பணிப்பாளர் சபைக் கூட்டத்துக்கு ஒப்பந்தம் வந்தது. குறிப்பெடுக்க நானும் ஓரத்தில் இருந்தேன். எல்லோரும் சம்மதம். தலைவரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'குடியிருப்பாளரின் பிரதிநிதிகளோடு கம்பெனித் தலைவர் கலந்து பேசி, அவர்களின் இணக்கத்துடன்.' இது எப்ப நடந்தது?"

அது வழமையாகப் போடுகிற வரி என்றார் சட்டத்தரணி.

"அந்தத் தோட்டத்தில என்னை இன்னும் ஏற்றுக்கொள்ளேல்ல. தண்ணித் தொட்டிக்கு அங்கால நான் போனதில்லை. கதைக்காத ஆக்களோட கதைச்சதெண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

எம்.டி. பொறுமை இழந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: மேடம், அந்தக் கடிதம் கொடுக்கிற விளையாட்டை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். ஆனால் அது வெறும் சடங்கு. இந்த வரியும் வெறும் சடங்கு. கையெழுத்தும் சடங்குதான். வையுங்கள்.

மேடம் பேனாவை மூடினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"சடங்கு வெறும் சடங்கெண்டால், என்ர கையெழுத்து உங்களுக்கு என்னத்துக்கு?"

அவரே சிங்களத்தில் அதைத் திருப்பிச் சொன்னார், என்னை நம்பாமல்.

அடுத்த வாரம் அவருக்கு ஒரு இராஜினாமாக் கடிதத்தைத் தட்டிக் கொண்டுவந்தார்கள். உடல்நலக் குறைவு காரணமாக விலகுகிறார் என்று மரியாதையாக எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தால் பிரியாவிடை, பூச்செண்டு, வெள்ளித் தட்டு. பெரிய இடத்தில் அடித்துத் துரத்துவது அப்படித்தான்.

"எனக்கு ஒரு வருத்தமுமில்லை, சுகமாய் இருக்கிறன். நேற்றும் வாவியைச் சுத்தி நடந்தனான்" என்றார். "தூதுவரைத் திருப்பிக் கூப்பிடுறது வேற, வெளியேத்துறது வேற. என்னை வெளியேத்துங்கோ. ஏன் எண்டதையும் எழுதுங்கோ."

வாக்கெடுத்து வெளியேற்றினார்கள். கூட்டக் குறிப்பில் காரணம் எழுதாமல் விடப் பார்த்தார்கள். குறிப்பை வாசித்துக் காட்டாமல் கூட்டத்தை முடிக்க முடியாது என்று, அந்த அறையில் தன் கடைசி முறையையும் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாடு ஆறியது. கடைசியில் வேறு வழியில்லாமல் எழுதினார்கள்: குடியிருப்பாளரின் இணக்கம் பெறப்படாத ஒப்பந்தத்தில் கையொப்பமிட மறுத்தமைக்காக. அதை வாசிக்கக் கேட்ட பிறகு எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வெராண்டாவில் நான் அழுதுகொண்டு நின்றேன். "என்ன இது, கண்ணைத் துடையுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்று அதட்டிவிட்டுப் போனார்.

பெருமைக்காகத்தான் எல்லாம் செய்தார், அந்தச் சனத்துக்காக அல்ல என்று இன்றைக்கும் கண்டியில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டுமே. எங்கள் சனத்தின் மேல் அன்பு என்று சொல்லி வந்தவர்கள் எத்தனை பேர்! அன்பைக் காட்டி மாலையை வாங்கிக்கொண்டு போனார்கள். பெருமைக்காரி ஒருவர்தான் பொய்யில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று எழுந்து போனார். எனக்கு அந்தப் பெருமை போதும்.

அந்த ஒரு வரிதான் ஹோட்டல்காரர்களின் காலைச் சுற்றியது. அவர்களுக்குக் கடன் கொடுக்க இருந்தவர்கள் கூட்டக் குறிப்பைப் படித்துவிட்டு, இணக்கம் எங்கே என்று கேட்டார்கள். அதனால் புதுத் தலைவர் நேரிலேயே ஹுன்னஸ்கிரியவுக்குப் போக வேண்டியதாயிற்று. கொழும்பிலிருந்து வந்தவர், பெரிய வங்கியொன்றை நடத்தியவர், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான் போனேன்.

பெரட்டுக்களத்தில் மக்கள் வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கென்று கதிரை எதுவும் போடவில்லை. துரை பதறிப் போய் ஒன்று கொண்டுவர ஆள் அனுப்பப் பார்த்தார். பாக்கியம் கையால் தடுத்தார்.

"இருக்கட்டுங்க தொர. இவர இன்னும் நாங்க ஏத்துக்கல. சொல்ல வந்ததச் சொல்லட்டும். நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் நிக்கட்டும்."

புதுத் தலைவர் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னார். புது வீடுகளைப் பற்றிச் சொன்னார். நான் எதையும் மினுக்காமல் தமிழில் சொன்னேன். அவர்கள் தலைகளைச் சேர்த்துப் பேசத் தொடங்கினார்கள். பேச்சு நீண்டது. வெயில் ஏறியது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, இன்னும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

பாக்கியம் எழுந்தார். "எங்க தாத்தா இந்த நாட்டுல குடியுரிமைக்காக ஆயுசு முழுக்க அரசாங்கக் கச்சேரி ஆபிசு வாசல்ல நின்னாருங்க. நின்ன எடத்துலயே கெழவனாகிச் செத்தாரு. ஐயாவ ஒரு மணித்தியாலம் நிக்கச் சொல்லு புள்ள."

துரை என்னை ஒரு பார்வை பார்த்தார். எப்படியாவது அதைக் கொஞ்சம் தணித்துச் சொல் என்ற பார்வை. இருபது வருடமாக எனக்குப் பழக்கமான பார்வைதான். நான் புதுத் தலைவரின் பக்கம் திரும்பி, தாத்தாவை, கச்சேரி வாசலை, சாவை, ஒரு மணித்தியாலத்தை, ஒன்று விடாமல் அப்படியே சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

வேலை போகவில்லை. பதில் மட்டும் வந்தது. கீழ் டிவிசனைத் தர முடியாது, மண்சரிவுக்குப் பலியாகவும் முடியாது என்று எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்கள். லயங்கள் இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

அன்றைக்குச் சாயந்தரமே மேடத்துக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். ஹோட்டல் போனது, கையெழுத்துகள், பாக்கியம் பேசியது, நான் பேசியது. நன்றாகச் செய்தாய் என்று ஒரு சொல் வரும் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவர் நிண்டவரோ?"

"நின்னாரு மேடம். முழு ஒரு மணித்தியாலம். வெயில்ல."